பார்த்தவர் எல்லோரும் மாத்திரையை நிறுத்தவில்லை

கேள்வி: நான் இதழியலும் தொடர்பியலும் முதுகலையில் படித்துவிட்டு, ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் துணையாசிரியராக இருக்கிறேன். சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிட்டு வந்த என் பெரியம்மா, ஒரு மண்டலத்தில் சர்க்கரையை விரட்டிவிடலாம் என்று சொல்லும் யூடியூப் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட்டார். பிறகு காலில் வந்த புண் ஆறாமல் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்தக் காணொளி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்ததுதான். அதே நோய் உள்ள என் அம்மாவும் அதைப் பார்த்தார், ஆனால் நிறுத்தவில்லை. ‘தமிழகத்தில் சமூக ஊடகங்களில் பரவும் உடல்நலப் பொய்த்தகவல்களும் மக்கள் மீது அவற்றின் தாக்கமும்’ என்ற தலைப்பில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விரும்புகிறேன். மருத்துவம் படிக்காத நான் இதைச் செய்ய முடியுமா? வாட்ஸ்அப் செய்திகளை எப்படித் திரட்டுவது? முடித்த பிறகு வேலை கிடைக்குமா?
— ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தில் நான் நின்று மறுபடி படித்தது, அம்மா மாத்திரையை நிறுத்தவில்லை என்று போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் வரியைத்தான். ஒரே வீட்டில் பிறந்து, ஒரே நோயோடு வாழும் இரண்டு பெண்கள் ஒரே காணொளியைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் சிகிச்சையைக் கைவிட்டார், மற்றவர் கைவிடவில்லை. ஏன் என்பதே உங்கள் ஆய்வுக் கேள்வி. நீங்கள் கொடுத்திருக்கும் தலைப்பு இந்தக் கேள்வியை மூடிவிடுகிறது. தாக்கம் என்று எழுதியவுடனேயே காணொளி எய்தவன் கை அம்பாகவும் பார்ப்பவர் அது தைக்கும் இலக்காகவும் ஆகிவிடுகிறார்கள். அப்புறம் உங்களுக்கு மிஞ்சுவது, எத்தனை காணொளிகள் வந்தன, எத்தனை பேர் பார்த்தார்கள், அவற்றில் எத்தனை பொய் என்று எண்ணும் வேலை மட்டும்தான். அப்படி எண்ணிய ஆய்வேடுகள் ஏற்கெனவே ஏராளமாக இருக்கின்றன. உங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்ல அவற்றில் ஒரு வரியும் இருக்காது.

உடல்நலத் தொடர்பியல் என்ற துறையின் வேர்களில் ஒன்று இதே மாதிரியான ஒரு திகைப்புதான். 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டறிய மார்பு எக்ஸ்ரே வசதியை மக்கள் இருக்கும் இடத்துக்கே வண்டியில் கொண்டுபோனது. கட்டணம் கிடையாது, தூரமும் கிடையாது, அப்படியும் பலர் வரவில்லை. அந்தத் துறையில் பணியாற்றிய காட்ஃப்ரே ஹாக்பாம் என்ற சமூக உளவியலாளர், வந்தவர்கள் வராதவர்கள் இரு தரப்பையும் விசாரித்தார். தனக்கும் இந்த நோய் வரலாம், அறிகுறி தெரியும் முன்பே கண்டுபிடித்தால் பலன் உண்டு என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதத்தினர் தாமாக எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் அது 21 சதவீதம். நோயைப் பற்றி ஒருவர் நம்புவதே அவர் செயலைத் தீர்மானிக்கிறது என்று சொல்லும், இன்று எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும் உடல்நல நம்பிக்கை மாதிரி இங்கிருந்துதான் கிளம்பியது. அந்த மாதிரியில் குறைகள் உண்டு, குடும்பத்தையும் வறுமையையும் அது போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்று எனக்கு நெடுநாளாகவே எண்ணம். ஆனால் ஹாக்பாம் கேள்வியைத் தொடங்கிய இடம் சரியான இடம். விளம்பரத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு அவர் நிற்கவில்லை, வண்டி வரை வந்தவர் யார் என்று கேட்டார்.

நம்புவதும் செய்வதும் வேறு வேறு என்பதை இன்னும் கூர்மையாகக் காட்டிய ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. பிரெண்டன் நைஹனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 1,759 பெற்றோரிடம் தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா தடுப்பூசி பற்றிய விளக்கங்களைப் பல வடிவங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்று அறிவியல் ஆதாரத்தோடு விளக்கியபோது அந்தத் தவறான நம்பிக்கை குறைந்தது. ஆனால் தடுப்பூசியை ஏற்கெனவே விரும்பாதிருந்த பெற்றோரிடம், அடுத்த குழந்தைக்கு ஊசி போடுவேன் என்ற எண்ணம் கூடுவதற்குப் பதிலாக இன்னும் குறைந்துபோனது. பொய்யை விட்டார்கள், பயத்தை விடவில்லை. ஆகவே உங்கள் வினாப்பட்டியலில் ‘இந்தச் செய்தியை நம்புகிறீர்களா’ என்ற கேள்வி மட்டும் இருந்து, ‘அதன்பிறகு என்ன செய்தீர்கள்’ என்ற கேள்வி இல்லாவிட்டால், நீங்கள் அளப்பது உங்கள் பெரியம்மாவுக்கு நேர்ந்ததை அல்ல.

என்ன செய்தார்கள் என்பதைக் கேட்டு அறிவதும் எளிதல்ல. கிராமத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, கையில் காகிதத்தோடு, “மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுறீங்களாம்மா?” என்று கேட்டால், “ஆமாங்க, ரெண்டு வேளையும் போட்டுக்கிறேன்” என்ற பதில் மறு நொடியே வந்துவிடும். படித்த பெண் கேட்கிறாள், ஆஸ்பத்திரிக்காரியாகவும் இருக்கலாம், எதற்கு வம்பு என்பதுதான் அந்தப் பதிலின் பொருள். அதையே, “மாத்திரை அட்டையைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன், பேரைக் குறிச்சுக்கிறேன்” என்று கேட்டுப் பாருங்கள். அலமாரியிலிருந்தோ சாமி படத்துக்குப் பின்னாலிருந்தோ ஒரு பிளாஸ்டிக் பை வரும். உள்ளே பிரிக்காத அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கும். மருந்து வாங்கிய தேதி சீட்டில் இருக்கும், மிச்சம் எத்தனை என்பது கண்ணுக்குத் தெரியும். அதை வைத்துச் சண்டை போடாமல், “இது ஏன் மிச்சமாயிருச்சு?” என்று மெதுவாகக் கேட்டால் அதற்குப் பிறகு வருவதுதான் தரவு. வயிற்றைப் புரட்டியது, மகன் வீட்டுக்குப் போனபோது எடுத்துப்போக மறந்தாயிற்று, மருமகள் ஏதோ அனுப்பினாள், எதிர்வீட்டு அக்கா நிறுத்திப் பார்த்தாள், ஒன்றும் ஆகவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். காணொளி அந்த வரிசையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கக்கூடும்.

நீங்கள் செய்திப் பிரிவில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2018 ஜூலையில் திருப்பூரில், வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் ஒரு பெண் உயிரிழந்ததை ‘யூடியூப் பார்த்துப் பிரசவம்’ என்ற தலைப்பில்தான் தமிழ்ச் செய்தி ஊடகங்கள் பெரும்பாலும் தந்தன. தலைப்புக்கு அது வசதி. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய நண்பர்கள் முன்பே வீட்டில் பிரசவம் பார்த்துக் குழந்தை நலமாகப் பிறந்திருந்ததும், அவர்கள் ஊக்கம் கொடுத்ததும் அதே செய்திகளின் உள்ளே சில பத்திகள் தள்ளி இருந்தன. கண்ணெதிரே நலமாக இருக்கும் ஒரு குழந்தை சாட்சியாக இருக்கும்போது காணொளியின் வேலை செய்முறையைச் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. ஆய்வாளர் அந்தக் கீழ்ப் பத்திகளைப் படிக்க வேண்டியவர்.

காரண காரியத்தை நிறுவுவதில் நீங்கள் காட்ட வேண்டிய கவனத்துக்கு நம் எல்லோருக்கும் நினைவில் உள்ள ஒரு நிகழ்வையே எடுத்துக்கொள்கிறேன். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, பொதுமக்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு வந்தது, 17ஆம் தேதி அதிகாலையில் காலமானார். ரத்தக் குழாய் அடைப்புதான் காரணம், தடுப்பூசிக்குத் தொடர்பில்லை என்று மருத்துவர்களும் சுகாதாரத் துறையும் உடனடியாகச் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் பல மாதங்கள் கழித்து அதையே உறுதிசெய்தது. ஆனால் வாட்ஸ்அப் குழுக்கள் அந்த அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரு மாணவர், ஏப்ரல் 17க்கு முந்தைய வாரத்தையும் பிந்தைய வாரத்தையும் எடுத்து, ஊசி போட்டவர்களின் எண்ணிக்கை குறைந்திருந்தால் அதை வதந்தியின் தாக்கம் என்று எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வாய்மொழித் தேர்வில் நான் இருந்தால் அவரை விடமாட்டேன். ஏப்ரல் 11 முதல் 14 வரை நாடு முழுவதும் தடுப்பூசித் திருவிழா என்று ஒன்று நடந்து எண்ணிக்கையை ஏற்றிவிட்டது. அது முடிந்தாலே எண்ணிக்கை இறங்கத்தான் செய்யும். ஏப்ரல் 20 முதல் தமிழ்நாட்டில் இரவு ஊரடங்கு வந்தது. இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்ததால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே மக்கள் தயங்கினார்கள், இன்னொரு பக்கம் அதே அலையின் பயத்தால் ஊசிக்கு வரிசையில் நின்றவர்களும் உண்டு. போதாக்குறைக்குத் தடுப்பூசித் தட்டுப்பாடு. கையிருப்பு இல்லை என்ற பலகையைப் பார்த்துத் திரும்பிப்போனவரையும், பயத்தில் வீட்டை விட்டே கிளம்பாதவரையும் மொத்த எண்ணிக்கை ஒரே ஆளாகத்தான் காட்டும்.

இதைப் பிரித்தறிய வழி இல்லாமல் இல்லை. கையிருப்பு இருந்த மையங்களை மட்டும் தனியே எடுக்கலாம். முதல் தவணைக்கு வந்தவர்களையும், ஏற்கெனவே ஒன்று போட்டுக்கொண்டு இரண்டாம் தவணைக்கு வர வேண்டியவர்களையும் ஒப்பிடலாம். அண்டை மாநிலத்தின் எல்லையோர மாவட்டங்களை எதிரே வைத்துப் பார்க்கலாம். எதுவும் முழுத் தீர்வாகாது என்றாலும், இத்தனை காரணங்களையும் முன்கூட்டியே எழுதிவைத்து ஒவ்வொன்றாகக் கழிக்க முயன்றிருக்கிறாரா என்பதை வைத்துத்தான் ஒரு தொடர்பியல் ஆய்வாளரை மருத்துவத் துறையினர் மதிப்பார்களா இல்லையா என்பது முடிவாகிறது. பொதுவாக நம் துறை ஆய்வேடுகள் மருத்துவர்களிடம் எடுபடாமல் போவது இந்த இடத்தில்தான் என்பது என் கணிப்பு.

மருத்துவம் படிக்காத நீங்கள் செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம், ஒரு வேலையைத் தவிர. எது உண்மை, எது பொய் என்று முத்திரை குத்தும் வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். பெரியம்மா பார்த்த காணொளியையே எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயை விரட்டிவிடலாம் என்ற கூற்றைக் கேட்டதும் நாம் பொய் என்று குறித்துவிடுவோம். ஆனால் 2017இல் பிரிட்டனில் வெளியான டைரக்ட் என்ற ஆய்வில், நோய் கண்டறியப்பட்டு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் மருத்துவக் கண்காணிப்பில் மிகக் குறைந்த கலோரி உணவு முறையைப் பின்பற்றி எடையைக் குறைத்தபோது, ஓராண்டு முடிவில் 46 சதவீதத்தினர் மாத்திரை இல்லாமலே நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 சதவீதம். ஆகவே அந்தக் காணொளியில் ஒரு துளி உண்மை இருக்கிறது, பல ஆண்டு நோயாளிக்கும் இன்சுலின் போடுபவருக்கும் அதைப் பொதுவாக்கி, கண்காணிப்பு என்பதையே விட்டுவிட்டு, மாத்திரையை இன்றே தூக்கி எறியச் சொல்வதில்தான் கேடு இருக்கிறது. இந்தப் பகுப்பைச் செய்ய ஒரு பொதுநல மருத்துவரோ சமூக மருத்துவத் துறை ஆசிரியரோ இணை நெறியாளராக வேண்டும். இருவர் தனித்தனியே குறியிட்டு, அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைக் கணக்கிட்டு ஆய்வேட்டில் கொடுங்கள். கூடவே, அந்தக் காணொளியின் கீழே எந்தப் பொடியை, எந்தத் தொலைபேசி எண்ணில் விற்கிறார்கள் என்பதையும் ஒரு கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே குற்றம். விற்பனைக்காக எடுக்கப்பட்ட காணொளிக்கும், உண்மையாக நம்பிப் பேசுபவரின் காணொளிக்கும் பார்வையாளர் காட்டும் எதிர்வினையில் வேறுபாடு இருக்கிறதா என்பது நல்ல துணைக் கேள்வியாகும்.

வாட்ஸ்அப் விஷயத்துக்கு வருகிறேன். 2016 முதல் அதன் உரையாடல்கள் முழுமையாக மறையாக்கம் செய்யப்படுகின்றன. யார் யாருக்கு அனுப்பினார்கள் என்பதை வெளியிலிருந்து பார்க்கும் வழி எந்த ஆய்வாளருக்கும் இல்லை. பிற தளங்களிலும் கதவு ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு வருகிறது. ட்விட்டர், ஆய்வாளர்கள் பதிவுகளைத் திரட்டப் பயன்படுத்திய தன் தரவு வழியை 2023இல் கட்டணத்துக்கு மாற்றியது, பேஸ்புக் பதிவுகளின் பரவலை ஆராய உதவிய கிரவுட்டேங்கிள் 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. குழுக்களில் சத்தமில்லாமல் சேர்ந்து செய்திகளை இறக்கிக்கொள்வதை நான் ஏற்பதில்லை. உறவினர் குழுவில் ஒருவர் தன் மருத்துவ அறிக்கையைப் பகிர்ந்திருப்பார், அது உங்கள் ஆய்வேட்டுக்காகப் பகிரப்பட்டதல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளையும், 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் படித்த பிறகு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பியுங்கள். எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெற்று, பங்கேற்பவரே தன் கைப்பேசியைத் திறந்து, தனக்கு வந்த உடல்நலச் செய்திகளில் காட்ட விரும்புவதை மட்டும் காட்டும் முறை இருக்கிறது. குறைவாகத்தான் கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு செய்தியோடும் அதை அனுப்பியவர் யார், அவர் உறவு என்ன, அனுப்பியபோது கூட என்ன எழுதினார் என்பதும் சேர்ந்து கிடைக்கும். உங்கள் கேள்விக்கு அதுதான் வேண்டும். செய்தியின் மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல கைகள் மாறி வந்ததற்கு அது அடையாளம். அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2020 ஏப்ரலில் கட்டுப்பாடு வந்தது.

இவ்வளவையும் வைத்து உங்கள் தலைப்பை நான் இப்படி மாற்றுவேன்: தேனி மாவட்டத்தில் சர்க்கரை நோய்க்கு அரசு வழியாக மாத்திரை பெறுவோரில், சிகிச்சையை நிறுத்தச் சொல்லும் செய்தியைப் பார்த்தபின் நிறுத்தியவர்களும் தொடர்ந்தவர்களும், ஓர் ஒப்பாய்வு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. மாவட்டச் சுகாதார அலுவலரின் அனுமதியோடு அந்தப் பயனாளிகளிலிருந்து மாதிரியைத் தேர்ந்தெடுக்கலாம். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அதே ஊர்ப் பெண். செய்தியைப் பார்த்தவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டாரா, கேட்டால் அவர் என்ன சொன்னார் என்பதை நான் முதன்மையான மாறியாக, அதாவது ஆளுக்கு ஆள் ஒப்பிட வேண்டிய கூறாக, வைப்பேன். உங்கள் அம்மாவிடமும் இதைக் கேளுங்கள், ஆனால் குடும்பத்தினரை மாதிரிக்குள் சேர்த்துவிடாதீர்கள்.

தீர்வு பற்றி ஓர் அத்தியாயம் எழுதச் சொல்வார்கள். அங்கே விழிப்புணர்வு முகாம் நடத்த வேண்டும் என்று எழுதி முடித்துவிடாதீர்கள். சுமித்ரா பத்ரிநாதன் 2019இல் பிகாரின் கயா மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய கள ஆய்வில், வீடு தேடிப் போய் ஒரு மணி நேரம் கொடுத்த பயிற்சி, பொய்ச் செய்தியை அடையாளம் காணும் திறனை மொத்தத்தில் உயர்த்தவில்லை. பின்னர் அவரும் சக ஆய்வாளர்களும் அதே மாநிலத்தில் 13,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களுக்குப் பல வாரங்கள் வகுப்பாகவே நடத்தியபோது பலன் தெரிந்தது, மாதங்கள் கழித்தும் நின்றது. எவ்வளவு நேரம், எந்த வயதில், யார் சொல்லி என்ற மூன்றும் அங்கே மாறியிருக்கின்றன. உங்கள் முடிவுகள் இந்த மூன்றில் ஒன்றைப் பற்றியாவது ஏதாவது சொல்ல வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை, பல்கலைக்கழகப் பணியிடங்கள் குறைவு என்பதை மறைத்துப் பயனில்லை. உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்விலோ செட் என்ற மாநிலத் தகுதித் தேர்விலோ தேர்ச்சி கைவசம் இருக்கட்டும். 2024 முதல் நெட் மதிப்பெண்ணே முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் பயன்படுகிறது. ஆனால் களத்தில் அளந்து பழகியவர்களை மாநில நலவாழ்வுத் திட்டங்களின் தகவல் தொடர்புப் பிரிவுகளும், யுனிசெஃப் போன்ற அமைப்புகளும், மருத்துவக் கல்லூரிகளின் ஆய்வுத் திட்டங்களும் தேடுகின்றன. அங்கே விளம்பரம் எழுதத் தெரிந்தவரைவிட அது வேலை செய்ததா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் தட்டுப்பாடு. புள்ளியியல் தாள் ஒன்றை முதல் ஆண்டிலேயே ஒழுங்காகப் படித்துவிடுங்கள்.

இப்போதைய வேலையை விட வேண்டாம் என்றே சொல்வேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022ஆம் ஆண்டு விதிமுறை பகுதிநேர ஆய்வை அனுமதிக்கிறது, அதற்குப் பணியிடத்திலிருந்து தடையின்மைச் சான்று வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகள், வழக்கமான உச்சவரம்பு ஆறு ஆண்டுகள், பெண்களுக்கு அதற்கு மேலும் தளர்வு உண்டு. நெறியாளரைத் தேடும்போது பெயரையும் பதவியையும் பார்க்காமல், அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளை சோத்கங்கா தளத்தில் இறக்கி, ஆய்வுமுறை அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். அது பிடித்திருந்தால், இரண்டு சகோதரிகளின் கதையை ஒரு பத்தியிலும் ஆய்வுக் கேள்வியை ஒரு வரியிலும் எழுதி, இரண்டு பக்கத்துக்கு மிகாமல் அவருக்கு அனுப்புங்கள். அனுப்பும் முன் உங்கள் ஆசிரியரிடம் தடையின்மைச் சான்று கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பலருக்கும் கடைசி நேரத்தில் தடங்கல் வருவது அந்த ஒரு காகிதத்தால்தான்.